அநாதை என்னும் கருத்து: ஆரணியை முன்னிட்ட ஓர் ஆராய்ச்சி

1. முன்னுரை

பெற்றோரை இழந்த பிள்ளையை அநாதை என்று வழங்குகின்றோம். வழக்கு இவ்வாறு நிலைபெற்றிருப்பினும், சொல்லின் அமைப்பை நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். அச்சொல்லில் தாயைச் சுட்டும் உறுப்பும் இல்லை; தந்தையைச் சுட்டும் உறுப்பும் இல்லை. நாதன் இல்லாத நிலையே அநாத நிலை. நாதன் எனின் தலைவன், காப்போன், புகலாவான் என்பன பொருள். ஆகவே பெற்றோர் இருந்தும் காப்பார் இல்லாதவன் அநாதையாதல் கூடும். பெற்றோர் இலராயினும் காப்பார் உடையவன் அநாதை ஆகான்.

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. இலக்கியத்திலும், சமயத்திலும், சட்டத்திலும், தொழில் வாழ்விலும் இது வெவ்வேறு வடிவில் தோன்றுகின்றது. இறப்பு பிள்ளையிடமிருந்து பெற்றோரைப் பிரிக்கின்றது. அப்பிள்ளையை அநாதை ஆக்குவதும் ஆக்காது விடுவதும் சமுதாயத்தின் செயல் என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவக் கருதுவது.

பொதுவான கருத்துக்களை ஓர் ஊரின்மேல் வைத்து நோக்கின் அவை தெளிவுறும். அவ்வகையில் திருவண்ணாமலை மாவட்டத்தைச் சார்ந்த ஆரணியை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த இவ்வூர் பட்டு நெசவால் பெயர் பெற்றது. மகப்பேறு வேண்டுவோர் நாடிவரும் கோயில் ஒன்று இங்கு உண்டு. சமணர் வாழ்ந்த ஊர்களும் திருப்பதிகளும் இதனைச் சூழ்ந்துள்ளன. 19-ஆம் நூற்றாண்டில் கிறித்தவத் தொண்டர் பணிபுரிந்த தொடக்க நிலையங்களுள் இதுவும் ஒன்று. எனவே நாம் ஆராயப்புகும் பொருளின் பல கூறுகளும் ஓரிடத்தே காணக் கிடைக்கின்றன.

2. சொல்லும் பொருளும்

ஒவ்வொரு மொழியும் இந்நிலைக்குப் பெயரிடுங்கால், இல்லாமற் போனது எது என்பதைத் தன் நோக்கிற்கேற்பக் குறிக்கின்றது. கிரேக்க மொழியின் ‘ஆர்ஃபனோஸ்’ என்னும் சொல் இழப்பை உணர்த்துகின்றது. ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் வழங்கும் சொற்கள் அதன் வழிவந்தவை. அரபு மொழியின் ‘யதீம்’ என்பது, பருவம் எய்துமுன் தந்தையை இழந்த பிள்ளையைக் குறிக்கும் சட்டச் சொல். தமிழ் முசுலிம்களின் வழக்கில் இஃது ‘எத்தீம்’ என நின்றது. தாய் உயிரோடிருப்பினும் தந்தை இல்லாத பிள்ளை எத்தீமே.

வடமொழி அநாதன் என்பது காவலின்மையைச் சுட்டுகின்றது. இதனொடு ‘அநாதி’ என்னும் சொல்லை மயக்குதல் கூடாது. ஆதி இல்லாதது அநாதி. நாதன் இல்லாதவன் அநாதன். ஒலியால் அண்மையவாயினும் முன்னது இறைமைக்கு அடையாயிற்று. பின்னது இரங்கத்தக்க மாந்தர்க்குப் பெயராயிற்று.

தமிழில் தாயிலி, தந்தையிலி என்னும் ஆக்கங்கள் உறவின் இன்மையை நேரே கூறுகின்றன. ‘திக்கற்றவர்’ என்பது செல்லும் திசை அறியாமையைச் சுட்டுகின்றது. ‘திக்கற்றவர்க்குத் தெய்வமே துணை’ என்னும் பழமொழியில் ஆறுதலும் உண்டு. மாந்தர் எவரும் துணையாகார் என்னும் குறிப்பும் உண்டு. ‘ஏதிலார்’ என்பது பண்டு அயலாரைக் குறித்தது. ‘ஏதிலி’ என்னும் வடிவம் இன்று நாடிழந்து வந்தாரைக் குறிக்கின்றது. அண்மைக் காலத்தில் அநாதை என்னும் சொல் இழிவு தருவதாகக் கருதப்பட்டு, ‘ஆதரவற்றோர்’ என்பது பெருவழக்காயிற்று. பெயர் மாறினும், பெற்றோரைக் கூறாது காப்பைக் கூறும் பழைய பொருளே இதனுள்ளும் தொடர்கின்றது. இப்பொருளைப் ‘பேணுநர் இன்மை’ என்னும் தொடரால் இக்கட்டுரையில் வழங்குவோம்.

3. இலக்கியம் காட்டும் நிலை

சங்க இலக்கியத்தில் இந்நிலைக்குச் சிறந்த சான்று பாரி மகளிர் வரலாறு. பறம்பு வீழ்ந்து தந்தை மறைந்தபின் அம்மகளிர் கையற்று நின்ற நிலையைப் புறநானூற்றின் 112-ஆம் பாட்டு காட்டுகின்றது. நம் ஆராய்ச்சிக்கு அதனினும் இன்றியமையாதவை, கபிலர் அவர்களை விச்சிக்கோனிடத்தும் இருங்கோவேளிடத்தும் அழைத்துச் சென்று பாடிய பாட்டுக்கள் (200, 201, 202). 201-ஆம் பாட்டில் அவர் தம்மை அறிமுகம் செய்யும் முறை நோக்கத்தக்கது. தாம் அவர்தம் தந்தையின் தோழர் என்கின்றார். அதனால் அவர்கள் தம் மகளிர் என்கின்றார். குருதி உறவு இல்லை, சடங்கும் இல்லை, அவையில் உரைத்த உரிமைக் கூற்று ஒன்றே உண்டு. வேந்தர் இருவரும் மறுத்தனர். ஆயினும் கபிலர் அம்மகளிரைப் பார்ப்பாரிடத்து ஒப்படைத்த பின்னரே வடக்கிருந்தார் எனக் கொளுக்கள் கூறுகின்றன. பேணுநர் ஒருவர் உளராதலின், தந்தையை இழந்தும் அவர்கள் அநாதையராகவில்லை.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் வரலாறு இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. சாலி என்பாள் ஈன்று ஒரு சோலையில் விட்டுச்சென்ற குழவியை ஆ ஒன்று ஏழு நாள் பால் சொரிந்து காத்தது. அவ்வழி வந்த இளம்பூதி என்னும் அந்தணன் அதனை ஆவின் மகன் அன்று, தன் மகன் என்று கூறி எடுத்துச் சென்றான். கபிலர் கூற்றும் இளம்பூதி கூற்றும் ஒரே தன்மையன. ஆனால் முடிவு வேறு. வேள்விச் சாலையில் கட்டுண்ட ஆவை ஆபுத்திரன் விடுவித்தபோது எழுந்த பூசலில் அவன் பிறப்பு வெளிப்படுகின்றது. உடனே வளர்த்த தந்தை அவனை வீட்டினின்றும் விலக்குகின்றான். குழவிப் பருவத்தில் பெற்றோரை இழந்தபோது அநாதையாகாத ஒருவன், வளர்ந்தபின் குலம் வினவப்பட்ட அன்று அநாதையானான். சாத்தனார் சுட்டும் இவ்வுண்மை கூர்மையானது: உரிமைக் கூற்று பிறப்பைச் சார்ந்து நிற்குமாயின், அது எந்நேரமும் திரும்பப் பெறப்படும்.

ஆபுத்திரன் பின்னர்த் தென்மதுரை சென்று, இரந்து பெற்ற சோற்றைக் கண்ணிலார், செவியிலார், முடவர், பிணியுற்றோர், பேணுவார் அற்றோர் ஆகியோர்க்கு ஊட்டிய பின்னரே தான் உண்டான். சிந்தாதேவி அளித்த அமுதசுரபி அதன்பின் வந்தது. பேணுநர் இல்லாதவன் தானே பேணுநன் ஆகின்றான். பௌத்தக் காப்பியம் இதற்கு விடையாகக் காண்பது உறவை மீட்டளித்தல் அன்று. பசி தீர்த்தலாகிய அறம்.

சமணக் காப்பியமாகிய சீவக சிந்தாமணியில், கட்டியங்காரனால் சச்சந்தன் வீழ்த்தப்பட, விசயை சுடுகாட்டில் சீவகனை ஈன்றெடுக்கின்றாள். இறந்த தன் மகவைக் கொண்டு அங்கு வந்த வணிகன் கந்துக்கடன் சீவகனைக் கண்டெடுத்து வளர்க்கின்றான். மகவை இழந்த தந்தையும் தந்தையை இழந்த மகவும் ஒரே இடத்தில் எதிர்ப்படும் இக்காட்சி, பின்னர் நாம் ஆராயும் தத்துரிமைச் செய்தியொடு ஒப்பிடத்தக்கது.

பெரியபுராணம் வேறொரு நிலையைக் காட்டுகின்றது. திருவாமூரில் புகழனாரும் மாதினியாரும் மறைய, மணம் பேசப்பெற்ற கலிப்பகையாரும் போரில் மாய, உயிர்விடத் துணிந்த திலகவதியார் தம்பி மருணீக்கியாரின் பொருட்டே உயிர் தாங்கினார். அத்தம்பியே பின்னர்த் திருநாவுக்கரசர் ஆயினார். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்குத் தமக்கை தாயாதல் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் காணப்படும் நிலை. இது நூலிலோ சட்டத்திலோ எழுதப்படாத காப்பு. ஆயினும் எல்லாக் காப்பினும் மிகுதியாக நிகழ்வது.

4. சமயங்களின் நோக்கு

சைவம் இறைவனைப் பிறவாதவன் என்கின்றது. பிறவாதவனுக்குத் தாயும் தந்தையும் இல்லை. திருவாசகத்துத் திருச்சாழல் இதனை வினாவும் விடையுமாகப் பாடுகின்றது. மாந்தரிடத்துக் குறையாகக் கருதப்பெறும் இன்மை இறைவனிடத்துப் பெருமையாகின்றது. அவ்விறைவன் காரைக்காலம்மையாரை ‘அம்மை’ என்று அழைத்தான் எனச் சேக்கிழார் கூறுவது இவ்விடத்து எண்ணத்தக்கது. அநாதியாகிய கடவுளும் உறவை அழைத்துப் பெறுகின்றான் என்பது அக்கதையின் உட்கிடை.

சமணத்தின் நோக்கு இதனின் வேறுபட்டது. ஆரணியை அடுத்த பூண்டியிலும், போளூர் வட்டத்துத் திருமலையிலும் வழிபாட்டிடங்களை உடைய தமிழ்ச் சமணர் திகம்பரர். அவர்தம் நெறியில் பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளுள் இரண்டாவது அசரணம், அஃதாவது எவரும் எவர்க்கும் புகலாகார் என்னும் சிந்தனை. சுவேதாம்பரரின் உத்தராத்தியயன சூத்திரம் 20-ஆம் இயலில் இதனை ஒரு கதையாகவே கூறுகின்றது. இளமையில் துறவு பூண்ட முனிவரைக் கண்ட சிரேணிக வேந்தன் காரணம் வினவுகின்றான். தமக்கு நாதன் இல்லை என்கின்றார் முனிவர். தானே நாதனாவேன் என்று வேந்தன் மொழிய, நீயே அநாதன் என்கின்றார் அவர். செல்வத் தந்தையும் தாயும் உடன்பிறந்தாரும் மனைவியும் சூழ்ந்திருந்தும், தமக்கு வந்த கண்நோயை எவராலும் நீக்க இயலவில்லை என்பதே அவர் காட்டும் ஏது. இந்நோக்கில் அநாதைத் தன்மை சிலர்க்கு நேரும் கேடன்று. உயிர்கள் எல்லாவற்றிற்கும் பொதுவான நிலை.

இசுலாத்தில் இச்செய்தி நபிகளாரின் வாழ்விலேயே வேரூன்றியது. அவர் பிறக்குமுன் தந்தை அப்துல்லா இறந்தார். ஆறாம் வயதில் தாய் ஆமினா இறந்தார். பாட்டனார் அப்துல் முத்தலிபும் அவர்க்குப்பின் பெரியப்பனாகிய அபூதாலிபும் வளர்த்தனர். குர்ஆனின் 4-ஆம் அத்தியாயம் எத்தீம்களின் சொத்தை உண்ணுதலைக் கடுமையாக விலக்குகின்றது. 93, 107-ஆம் அத்தியாயங்கள் அவர்களை விரட்டுதலையும் ஒடுக்குதலையும் கண்டிக்கின்றன. வளர்ப்புப் பிள்ளையை ஈன்ற தந்தையின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்கின்றது 33-ஆம் அத்தியாயம். ஆகவே பேணுதல் கடமையாகின்றது. பிள்ளையின் பிறப்பு அடையாளத்தை மாற்றுதல் விலக்காகின்றது.

கிறித்தவ மறையின் தமிழாக்கம் ‘திக்கற்ற பிள்ளைகள்’ என்னும் தொடரை மேற்கொண்டது. அவர்களையும் கைம்பெண்களையும் விசாரித்தலே மாசற்ற பத்தி என்பது யாக்கோபு நிருபத்தின் கருத்து. உரோமர்க்கு எழுதிய நிருபத்தில் மீட்பின் நிலையை உணர்த்தத் தமிழாக்கம் ஆளும் சொல் ‘புத்திரசுவிகாரம்’ என்பதாகும். சுவிகாரம் என்பது இந்துச் சட்டத்தில் தத்தெடுத்தலைக் குறிக்கும் சொல். அச்சட்டம் அநாதைப் பிள்ளைக்கு யாது செய்தது என்பதை இனி நோக்குவோம்.

5. மகப்பேறும் தத்துரிமையும்

ஆரணியின் புதுக்காமூர்ப் பகுதியில் கமண்டல நாகநதியை ஒட்டி அமைந்துள்ளது புத்திரகாமேட்டீசுவரர் கோயில். தசரதன் மகப்பேறு வேண்டிப் புத்திரகாமேட்டி வேள்வி இயற்றிய இடம் இதுவெனத் தலபுராண மரபு கூறும். மகவில்லாதார் இன்றும் இங்கு வந்து வேண்டுகின்றனர். பிள்ளை இல்லாத பெற்றோரும் பெற்றோர் இல்லாத பிள்ளையும் ஒருவர் குறையை ஒருவர் நிறைத்தல் இயல்பாக எதிர்பார்க்கப்படுவது. எனினும் நெடுங்காலம் இந்துச் சட்டமே இதற்குத் தடையாக நின்றது.

தரும சாத்திரங்கள் புதல்வரைப் பன்னிரு வகையாகப் பகுத்தன. மனைவிபால் பிறந்த ஔரசனும், பெற்றோர் கொடுக்கப் பெற்ற தத்தனும் அவற்றுள் அடங்குவர். பெற்றோரால் கைவிடப்பட்டுப் பிறரால் ஏற்கப்பட்ட அபவித்தனும், பெற்றோரை இழந்தோ காரணமின்றி விலக்கப்பட்டோ தன்னைத் தானே ஒருவர்க்கு அளித்த சுயந்தத்தனும் அப்பட்டியலில் இடம்பெற்றனர். அநாதைப் பிள்ளைக்குப் பழைய நூல்களில் ஓர் இருக்கை இருந்தது என்பது இதனால் தெளிவு. கலியுகத்தில் ஔரசனும் தத்தனுமே செல்லுபடியாவர் எனப் பிற்கால நிபந்த நூலார் வரைந்தபோது அவ்விருக்கை நீக்கப்பட்டது.

ஆங்கிலேயர் ஆட்சியில் நீதிமன்றங்கள் இவ்விதியையே நிலைநாட்டின. தத்துக் கொடுக்கும் உரிமை தந்தைக்கு உண்டு. அவன் இல்லாவிடின் தாய்க்கு உண்டு. வேறு எவர்க்கும் இல்லை. இதனின்று ஒரு முடிவு தானே பெறப்பட்டது: தந்தையும் தாயும் இறந்த பிள்ளையைக் கொடுப்பார் இலர், ஆதலின் அப்பிள்ளையைத் தத்தெடுத்தல் இயலாது. தனிவழக்காறு இடங்கொடுத்தாலன்றி அநாதையைத் தத்தெடுத்தல் செல்லாது என்பதே சட்டமாக நின்றது. எப்பிள்ளைக்குப் பெற்றோர் மிகவும் வேண்டப்படுகின்றனரோ, அப்பிள்ளைக்கே அது மறுக்கப்பட்டது.

இதன் காரணம் அச்சட்டத்தின் நோக்கில் உள்ளது. தத்து என்பது பிள்ளையின் பொருட்டு அமைந்ததன்று. தந்தையின் பொருட்டு அமைந்தது. நீர்க்கடன் இறுக்கவும், குடிப்பெயர் நிலைக்கவும், சொத்து வழிச்செல்லவும் ஆண்மகன் வேண்டப்பட்டான். அதனாற்றான் பெண்மகவைத் தத்தெடுத்தல் பொதுச் சட்டத்தில் இடம்பெறவில்லை. குலமறியாப் பிள்ளையும் ஏற்கப்படவில்லை. ஆபுத்திரனை விலக்கிய இளம்பூதியின் மனமே இங்குச் சட்டவடிவு பெற்றது எனலாம்.

1956-ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்பு, வாழ்வூதியச் சட்டம் இந்நிலையை மாற்றியது. பெண்மகவும் தத்துக்குரியள் ஆனாள். பெற்றோர் இருவரும் இறந்தவிடத்து, நீதிமன்றத்தின் முன்னிசைவுடன் காப்பாளர் பிள்ளையைக் கொடுக்கலாயிற்று. கைவிடப்பட்ட பிள்ளைக்கும் பெற்றோர் இன்னார் என்று அறியப்படாத பிள்ளைக்கும் இவ்வுரிமை 1962-ஆம் ஆண்டின் திருத்தத்தால் விரிந்தது. சமயவேறுபாடு கருதாது தத்தெடுக்கும் வழியை 2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் திறந்தது. எச்சமயத்தாரும் விரும்பின் அச்சட்டத்தின்வழித் தத்தெடுக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2014-இல் சபனம் ஆசுமி வழக்கில் தெளிவுறுத்தியது. 2015-ஆம் ஆண்டின் சட்டம் முன்னதன் இடத்தைப் பெற்றது. ஆக, புதுக்காமூர்க் கோயிலில் மகவு வேண்டி நின்றாரும் அவ்வூரின் அநாதைப் பிள்ளையும் பொதுச்சட்டத்தின்வழிப் பெற்றோரும் பிள்ளையும் ஆதற்கு 1956 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

6. தறியும் பிள்ளையும்

சட்டம் அநாதையை மகனாக ஏற்காத காலத்தில் தொழில் அவனை ஏற்காமல் இல்லை. பட்டு நெசவு தனி ஒருவர் தொழிலன்று. ஓர் இல்லத்தின் தொழில். பாவு ஆற்றுவதற்குப் பலர் வேண்டும். தார் சுற்றுதல் பெரும்பாலும் பெண்டிர்க்கும் முதியோர்க்கும் உரிய வேலை. உடலும் கரையும் வேறு நிறமாய் அமையும் கோர்வைச் சேலைக்குத் தறியில் நெய்வாரொடு துணைக்கை ஒன்றும் வேண்டும். அத்துணைக்கை பெரும்பாலும் பிள்ளையின் கையே. எனவே நெசவு இல்லத்தில் பிள்ளை மகவாகவும் இருந்தது, கருவியாகவும் இருந்தது.

இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட இடமே ஆதரவற்ற பிள்ளைக்கு வாய்த்தது. உறவினர் இல்லத்தில் உண்டு, தறியில் உட்கார்ந்து, தொழில் கற்று, நாளடைவில் தானே தறி போடும் நிலையை எய்துவது நல்லூழ். முன்பணத்திற்கு ஈடாகப் பிள்ளையின் உழைப்பு ஒப்படைக்கப்படுவது தீயூழ். இரண்டிடத்தும் பிள்ளை ‘வளர்க்கப்படுகின்றது’ என்றே ஊரார் கூறுவர். சொல் ஒன்றாதலின் வேறுபாடு மறைந்துபோகும்.

1933-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம் ஒன்று, 15 வயதிற்குட்பட்ட பிள்ளையின் உழைப்பைப் பெற்றோரோ காப்பாளரோ அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என விதித்தது. காப்பாளரையும் அதனுள் அடக்கியது கருதத்தக்கது. நாதன் எனப்படுவோனே பிள்ளையை அடகு வைத்தல் கூடும் என்பதை அரசு அறிந்திருந்தது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும், நெசவை அட்டவணையில் சேர்த்த 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அவ்வழியில் வந்தவை. எனினும் 1986-ஆம் ஆண்டின் சட்டம் குடும்பத்தார் துணையோடு நடக்கும் தொழிற்கூடத்திற்கு விலக்களித்தது. குடும்பம் என்பதனுள் அடங்குவார் யார், அடங்காதார் யார் என்னும் வினா ஆதரவற்ற பிள்ளையின்மேலேயே வந்து விழுந்தது.

7. இல்லங்களும் அரசும்

போரும் பஞ்சமும் பேணுநர் இல்லாரைப் பெருக்கின. ஆரணி 1751-இலும் 1782-இலும் போர்க்களமாயிற்று; பின்னதில் கூட்டும் ஐதர் அலியும் பொருதனர். 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரரின் பிள்ளைகளுக்கென ஆண்பிள்ளைகள் காப்பகம் அமைக்கப்பட்டது. தந்தையை இழந்தாரோடு வறுமையுற்றாரும் அதில் சேர்க்கப்பட்டனர். அதன் தலைவராயிருந்த ஆண்டிரு பெல், நம் திண்ணைப் பள்ளிகளின் மணலெழுத்து முறையையும் மூத்த மாணவர் இளையாருக்குக் கற்பிக்கும் முறையையும் கையாண்டு, 1797-இல் அதனை நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்று இங்கிலாந்திலும் பரவிய கல்விமுறை, பெற்றோரற்ற பிள்ளைகளிடையே வளர்ந்தது என்பது மறக்கத்தக்கதன்று.

1853-இல் இசுகடர் உடன்பிறந்தார் நிறுவிய அமெரிக்க ஆர்க்காட்டு மிசன், வேலூர், சித்தூர் ஆகியவற்றோடு ஆரணியையும் தன் நிலையமாகக் கொண்டது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம் வடார்க்காட்டையும் வாட்டியது. பஞ்சத்தில் எஞ்சிய பிள்ளைகளை எச்சமயத்தார் வளர்ப்பது என்னும் வினா அக்காலத்தே நாடெங்கும் பூசலை விளைத்தது. உணவளித்தவர் பிள்ளையின் சமயத்தை மாற்றலாமா என்று ஒரு சாரார் வினவினர். உணவளிக்காதவர்க்கு அதனை வினவ உரிமை உண்டா என்று மற்றொரு சாரார் மறுத்தனர். இருசாரார்க்கும் நியாயம் உண்டு.

இவ்வினாவின் விளைவாகவே பிற சமயத்தாரும் சமுதாயத் தொண்டரும் இல்லங்கள் அமைக்க முற்பட்டனர் என்பது மிகையாகலாம். ஆயினும் அடுத்த தலைமுறையில் அம்முயற்சி பெருகியது. 1905-இல் மயிலையில் இராமகிருட்டிண மடத்தைச் சார்ந்த மாணவர் இல்லமும், 1930-இல் முத்துலட்சுமி ரெட்டியார் நிறுவிய அவ்வை இல்லமும் அவ்வகையின. இல்லங்களைக் கண்காணிக்க 1960-இல் நடுவணரசு சட்டம் இயற்றியது. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது.

அரசின் நடவடிக்கைகளுள் ஆராய்ச்சியாளர் தனித்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் பட்டியலில், பத்து வயது நிரம்புமுன் பெற்றோரை இழந்து, சட்டத்தாலோ வழக்கத்தாலோ பேணுவார் எவரும் இன்றி, அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்பளித்த இல்லத்தில் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் ஒரு பிரிவாகச் சேர்க்கப்பட்டுள்ளனர். சாதிப்பெயர்கள் நிரல்பட நிற்கும் பட்டியலில் சாதி அறியப்படாத பிள்ளைக்கும் ஓர் இடம் வகுக்கப்பட்டது. இங்கு அரசு கொண்ட இலக்கணம், பெற்றோரின் இறப்பொடு நில்லாது பேணுவாரின்மையையும் சேர்த்துக் கூறுகின்றது. சாத்தனார் கண்ட பொருளும் இதுவே. ஆயினும் வகுப்பின்றி ஒருவனை ஏற்க இயலாத சமுதாயம், வகுப்பற்றவனையும் ஒரு வகுப்பாக்கியே ஏற்றது என்பதும் இதனால் அறியப்படும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. தமிழ் மரபில் அநாதை நிலை இறப்பால் மட்டும் உண்டாவதன்று. ‘என் பிள்ளை’ என்று கூறுவார் இன்மையால் உண்டாவது. அக்கூற்று யார்பொருட்டு எழுகின்றது என்பதே அதன் தன்மையை வரையறுக்கும். குடிவழியின் பொருட்டு எழுந்த தத்து, அநாதையை வாயிற்புறத்தே நிறுத்தியது. உழைப்பின் பொருட்டு எழுந்த காப்பு, பிள்ளையைத் தறியில் அமர்த்திக் கூலியைக் கணக்கிட்டது. பிள்ளையின் பொருட்டே எழுந்த கூற்றுக்குக் கபிலர் சான்று, திலகவதியார் சான்று.

நம் நூல்களில் இக்கருத்து பண்டே தெளிவுற நின்றும், சட்டம் அதனை எட்ட 1956 வரை சென்றது. சட்டம் மாறிய பின்னும், தத்தெடுக்க முன்வருவார் பலர் பிள்ளையின் நிறத்தையும் குலத்தையும் வினவுதல் ஒழியவில்லை. சங்கப் புலவர் அவையில் வினவியோர்க்கு அளித்த விடை, தந்தையின் தோழமை ஒன்றே. அவ்விடை போதும் என்று கருதும் சமுதாயத்தில் ‘அநாதை’ என்னும் சொல் அகராதியில் மட்டும் எஞ்சும்.